30 மணி நேரம் இலவசம் என்றார்கள், நர்சரி அனுப்பிய கணக்கில் மாதம் 425 பவுண்டு நிற்கிறதே?

ரெடிங் நிலா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் குழந்தையை நர்சரியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு நவம்பர் 2025 நடுவில் 9 மாதம் முடிகிறது. நான் இப்போது மகப்பேறு விடுப்பில் இருக்கிறேன், பிப்ரவரி நடுவில் வாரம் 3 நாள் வேலைக்குத் திரும்புகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த செப்டம்பரில் இருந்து 9 மாதக் குழந்தைக்கே வாரம் 30 மணி நேரம் அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்பதால், ஒரு நாளைக்கு 10 மணி நேரம், 3 நாளைக்கு 30, ஆக நம் கையில் இருந்து எதுவும் போகாது என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். நேற்று நர்சரியில் இருந்து ஒரு தாள் வந்தது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: வாரத்துக்கு 22 மணி நேரம் அரசு நிதி, 51 வாரம். மீதி 8 மணி நேரம், மணிக்கு 8 பவுண்டு, ஆக 64. அப்புறம் "உணவு மற்றும் நுகர்பொருள்" என்று நாளைக்கு 12 பவுண்டு வீதம் 36. மொத்தம் வாரம் 100, மாதத்துக்குச் சராசரியாக 425 பவுண்டு. இதுபோக 100 பவுண்டு முன்பணம்.

30 எப்படி 22 ஆனது? அந்த 12 பவுண்டைக் கட்டித்தான் ஆக வேண்டுமா? இன்னொன்று, என் கணவருக்குப் போன வருடம் ஐஎல்ஆர் (இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்துவிட்டது, எனக்கு இன்னும் டிபெண்டன்ட் விசாதான், அதில் "பொது நிதிக்கு உரிமை இல்லை", அதாவது அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நாங்கள் இதற்கு விண்ணப்பித்தால் பிற்பாடு என் விசாவுக்குச் சிக்கல் வருமா? ஆபீஸில் ஒருவர் வரும் என்கிறார், இன்னொருவர் வராது என்கிறார், இரண்டு பேருமே படு உறுதியாகச் சொல்வதுதான் பயமாக இருக்கிறது.

---

கொடிமுல்லை எழுதியது:

தங்கச்சி, நான் லண்டனில் ஒரு நர்சரியில் துணை மேலாளராக இருக்கிறேன், தினமும் பத்துப் பெற்றோருக்கு இதே கதையைச் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமே ஆகிவிட்டது.

30 மணி நேரம் என்பது வருடம் முழுக்க இல்லை. பள்ளிக்கூடம் நடக்கிற 38 வாரத்துக்கு மட்டும். 30ஐ 38ஆல் பெருக்கினால் 1140 மணி நேரம், ஒரு வருடத்துக்கு அரசாங்கம் தருவது அவ்வளவுதான். நர்சரி 51 வாரம் திறந்திருந்தால் அந்த 1140ஐ 51 வாரத்துக்கும் பரப்பிப் போடுவார்கள், வாரத்துக்கு 22 மணி நேரமும் சொச்சமும் வரும். ஆகவே 22 என்பது ஏமாற்று இல்லை. ஆனால் உங்கள் தாளில் ஒன்றைக் கவனியுங்கள்: 22ஐ 51ஆல் பெருக்கினால் 1122தான் வருகிறது, 18 மணி நேரம் எங்கே போனது? சில இடங்களில் கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று முழு எண்ணாக்கிவிட்டு மிச்சத்தை மறந்துபோவார்கள். அவர்கள் கட்டணத்திலேயே 144 பவுண்டு. அந்த மிச்சத்தை என்ன செய்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், நேரில் கேட்டால் "பார்த்துச் சொல்கிறோம்" என்று போய்விடும்.

அடுத்தது 12 பவுண்டு. அரசாங்க விதி இதில் மிகத் தெளிவு. சாப்பாடு, நாப்கின் (டயப்பர்), சன் கிரீம், வெளியே கூட்டிக்கொண்டு போகும் செலவு, இதற்கெல்லாம் நர்சரி காசு கேட்கலாம். ஆனால் அதைக் கட்டினால்தான் இலவச நேரத்துக்கு இடம் என்று சொல்லக் கூடாது. அது பெற்றோர் விரும்பினால் கட்டுவது. வேண்டாம் என்றால் வேறு வழி தர வேண்டும், உதாரணமாக நீங்களே சாப்பாடும் நாப்கினும் கொடுத்து அனுப்புவது. மணிக்கட்டணத்தில் அரசாங்கம் கொடுப்பதற்கு மேல் "டாப் அப்" என்று ஒரு பென்னிகூட வாங்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் இந்த விதியை இன்னும் விளக்கமாக எழுதினார்கள், இன்வாய்ஸில் இலவச மணி, கூடுதல் மணி, சாப்பாடு, நுகர்பொருள் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முன்பணமும் அப்படித்தான், குழந்தை சேர்ந்த பிறகு திருப்பித் தருவதாக இருந்தால் வாங்கலாம். திருப்பித் தராத பதிவுக் கட்டணத்தை இடத்துக்கு நிபந்தனையாக்கக் கூடாது.

இப்போது மறுபக்கத்தையும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 2 வயதுக்குக் கீழே 3 குழந்தைக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும், சட்டம். 2 வயது என்றால் 5 குழந்தைக்கு ஒருவர், அதுவே 2023 செப்டம்பருக்கு முன்னால் 4 ஆக இருந்தது. என்னிடம் 9 கைக்குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் காலை முதல் மாலை வரை 3 பேர் அந்த அறையில் நிற்க வேண்டும், அவர்கள் சாப்பிடப் போனால் இன்னொருவர் உள்ளே போய் நிற்க வேண்டும், ஒருத்திக்குக் காய்ச்சல் என்று காலை 6 மணிக்குச் செய்தி வந்தால் 7 மணிக்குள் நான் ஏஜென்சியில் ஆள் பிடிக்க வேண்டும். அரசாங்கம் பணத்தைக் கவுன்சிலுக்குக் கொடுக்கும், கவுன்சில் அதில் குறைந்தது 96 சதவீதத்தை (2025-26 கணக்கு) எங்களுக்குத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு மணிக்கட்டணம் அதிகம், 3, 4 வயதுக்குத் தருவதுதான் போதாமல் இடிக்கிறது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் 11.44இல் இருந்து 12.21 பவுண்டாக ஏறியது, அதே மாதம் முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 15 சதவீதமானது. முன்பெல்லாம் முழுக் கட்டணம் கட்டும் பெற்றோரின் காசில் இந்தப் பள்ளத்தை நிரப்பினோம். இப்போது வருகிற குழந்தையில் பெரும்பாலோர் அரசாங்க மணியில் வருகிறார்கள். அப்புறம் அந்தப் பள்ளம் எங்கே போய் நிரம்பும்? அந்த 12 பவுண்டில்தான். சரியென்று நான் சொல்லவில்லை. இப்படித்தான் நடக்கிறது.

---

வெள்ளாற்றுச் சேது எழுதியது:

கொடிமுல்லை அக்கா சொன்னதோடு நான் தேதி விஷயத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பணம் போவதெல்லாம் அங்கேதான்.

பாப்பாவுக்கு 9 மாதம் நிறைந்த மறுநாளே கிடைக்காது. அதற்கு அடுத்து வரும் டெர்மில் இருந்துதான். டெர்ம் தொடங்குவது ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1. நவம்பர் நடுவில் 9 மாதம் என்றால் உங்களுக்கு ஜனவரி. டிசம்பர் 31க்குள் ஹெச்எம்ஆர்சி (வரித்துறை) தரும் 11 இலக்கக் குறியீட்டு எண், அதாவது கோடு, கையில் இருக்க வேண்டும். விண்ணப்பித்த தேதி போதாது, கோடு வந்திருக்க வேண்டும். ஜனவரி 2 அன்று வந்தால் ஏப்ரல் வரை முழுக் கட்டணம். அக்டோபர் நடுவில் இருந்து நவம்பர் முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள், சில நேரம் உடனே வரும், சில நேரம் 7 நாள் ஆகும், பெயரிலோ விசாவிலோ ஏதாவது இடறினால் அதற்கும் மேல் இழுக்கும்.

பெயர் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு இதில் வரும் தொல்லை வேறு யாருக்கும் வராது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சம்பளச் சீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், தேசியக் காப்பீட்டு எண் வாங்கும்போது யாரோ முன்னும் பின்னும் மாற்றித் தட்டியிருப்பார்கள், கல்யாணத்துக்குப் பிறகு வங்கியில் மட்டும் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். திரையில் "உங்கள் விவரங்களை உறுதிசெய்ய முடியவில்லை" என்று ஒரே வரி வரும், எந்த விவரம் என்று சொல்லாது. என் மனைவிக்கு இது வந்தது. ஹெச்எம்ஆர்சியில் அவள் பெயர் முதலும் கடைசியும் இடம் மாறிக் கிடந்தது, தொலைபேசியில் காத்திருந்து அதைத் திருத்திய பிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது. இன்றைக்கே உட்கார்ந்து நீங்களும் உங்கள் கணவரும் இணையத்தில் ஹெச்எம்ஆர்சி கணக்கைத் திறந்து, அதில் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதே மாதிரிதான் விண்ணப்பத்திலும் எழுத வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் தேதி இன்னொரு கண்ணி. ஜனவரி டெர்மில் தொடங்க வேண்டும் என்றால் விடுப்பில் இருக்கும் அம்மா ஜனவரி 31க்குள் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். நீங்கள் பிப்ரவரி நடுவில் என்கிறீர்கள். இரண்டு வாரத்துக்காக ஒரு டெர்மே போய்விடும், ஏப்ரலில்தான் கிடைக்கும். மகப்பேறு விடுப்பில் இருக்கும்போதும் ஆண்டு விடுப்பு சேர்ந்துகொண்டே வரும், அது உங்களுக்கு நிறைய இருக்கும். மகப்பேறு விடுப்பை ஜனவரிக் கடைசியில் முடித்துக்கொண்டு அதற்கு மேல் சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு எடுக்க முடியுமா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். ஆண்டு விடுப்பில் இருப்பவரையும் வேலையில் இருப்பவராகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பிப்ரவரி நடுவில் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் போதும். ஆனால் மகப்பேறு விடுப்பை முன்கூட்டி முடிக்க 8 வாரம் முன்னதாகவே அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், மறக்காதீர்கள்.

விசாவுக்கு வருகிறேன். கணவன் மனைவியில் ஒருவருக்குப் பொது நிதி உரிமை இருந்தால் போதும். உங்கள் கணவருக்கு ஐஎல்ஆர் இருக்கிறது, அவர் பெயரிலேயே கணக்கைத் திறந்து உங்களைத் துணைவராகச் சேருங்கள். இருவருக்கும் தேசியக் காப்பீட்டு எண் வேண்டும், இருவரும் சம்பாதிக்க வேண்டும். 2025-26 கணக்குப்படி, அடுத்த 3 மாதத்தில் ஆளுக்குக் குறைந்தது 2,539 பவுண்டு வரும் என்று எதிர்பார்த்தால் சரி, அது வாரத்துக்கு 16 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியக் கணக்கு. வாரம் 3 நாள் வேலையில் தாராளமாகத் தாண்டிவிடுவீர்கள்.

கடைசியாக, 3 மாதத்துக்கு ஒரு முறை உள்ளே போய் "எதுவும் மாறவில்லை" என்று உறுதிசெய்ய வேண்டும். நினைவூட்டல் வரும், விளம்பர மின்னஞ்சல் நடுவில் மாட்டிக்கொள்ளும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

---

கசப்புக் காபி எழுதியது:

உங்களுக்காவது ஒருவருக்கு ஐஎல்ஆர் இருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள். நாங்கள் இரண்டு பேரும் ஸ்கில்டு ஒர்க்கர் விசா. வருமான வரி கட்டுகிறோம், தேசியக் காப்பீடு கட்டுகிறோம், விசாவுக்கு மருத்துவ வரி என்று தனியாக மொத்தமாகக் கட்டினோம், கவுன்சில் வரி கட்டுகிறோம். பக்கத்து மேசையில் இருப்பவர் என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம் வாங்குகிறார், அவர் பிள்ளைக்கு 30 மணி நேரம். என் பிள்ளைக்குச் சைபர். நர்சரிக் கட்டணத்தில் அரசாங்கம் ஒரு பங்கு போடும் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரும் கிடையாது.

இதே நிலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன், பிள்ளைக்கு 3 வயது முடிந்த அடுத்த டெர்மில் இருந்து வாரம் 15 மணி நேரம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு விசாவும் பார்ப்பதில்லை, வேலையும் பார்ப்பதில்லை, ஹெச்எம்ஆர்சி கோடும் வேண்டாம், நர்சரியில் பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் போதும். பொது நிதி உரிமை இல்லாத குடும்பத்துக்கு 2 வயதிலேயே 15 மணி நேரம் தரும் ஒரு வழியும் இருக்கிறது, ஆனால் வருமான உச்சவரம்பு உண்டு: ஒரு குழந்தை என்றால் லண்டனுக்கு வெளியே 26,500, லண்டனில் 34,500, சேமிப்பு 16,000க்குள். பராமரிப்பு இல்லங்களில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடினால் இதற்குள் வர வாய்ப்பு இருக்கிறது. இதற்குக் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவரும் இதைச் சொல்வதில்லை, நர்சரிக்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் நர்சரியில் "உங்கள் விசாவுக்கு எதுவும் கிடையாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள், 3 வயது 15 மணி நேரத்தையும் சேர்த்து!

---

ஈரோட்டு எதிர்வாதி எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போகிறேன், திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

குழந்தைப் பராமரிப்புக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் யாருக்குக் கொடுக்கிறது என்று பாருங்கள். கணவன் 99,000, மனைவி 99,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு 9 மாதத்தில் இருந்து 30 மணி நேரம். வேலை போய், வேறு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு, பிள்ளை கைக்குழந்தையாக இருந்தால் ஒன்றும் இல்லை. நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளையை விட இடம் வேண்டும், இடம் வேண்டும் என்றால் வேலை இருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் அம்மாவுக்கும் இங்கிலாந்தில் இதில் இடம் கிடையாது. வேல்ஸில் 3, 4 வயதுக்கான அவர்கள் திட்டத்தில் படிக்கும் பெற்றோரையும் சேர்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2021 ஆகஸ்ட்டில் இருந்து 3, 4 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே 1140 மணி நேரம், அம்மா வேலைக்குப் போகிறாளா என்று கேட்பதே இல்லை. கைக்குழந்தைக்கு அங்கே இவ்வளவு கிடையாது என்பது வேறு விஷயம்.

இங்கே 2010இல் 15 மணி நேரம் வந்தபோது அது பிள்ளையின் படிப்புக்கானது என்றார்கள். 2017இல் வேலை பார்க்கும் பெற்றோருக்கு மட்டும் 30 ஆக்கினார்கள். 2023 மார்ச் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் 9 மாதம் வரை கீழே இறக்கினார், அது 2024 ஏப்ரல், 2024 செப்டம்பர், 2025 செப்டம்பர் என்று மூன்று கட்டமாக வந்து முடிந்தது, நடுவில் ஆட்சியே மாறியும் திட்டம் மாறவில்லை. ஒவ்வொரு படியிலும் பிள்ளை பின்னால் போய் வேலை முன்னால் வந்துவிட்டது. இதை அவர்களும் மறைக்கவில்லை, பெற்றோரை வேலைக்குத் திருப்பிக் கொண்டுவரத்தான் என்று பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். சரி, அப்படியே இருக்கட்டும், ஆனால் பொதுப்பணத்தில் இவ்வளவு பெரிய செலவு செய்யும்போது அது ஏற்கெனவே நல்ல சம்பளத்தில் இருப்பவர்களுக்கு அதிகமாகப் போய்ச் சேர்கிறது என்பதையாவது ஒத்துக்கொள்வோம்.

---

இரவுப்பணி எழுதியது:

எதிர்வாதி அண்ணா, நீங்கள் சொல்வதில் வேலை தேடும் அம்மா விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் "நல்ல சம்பளக்காரர்களுக்கு" என்று மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். நான் மருத்துவமனையில் நர்ஸ், என் கணவர் கிடங்கில் வேலை. மூத்தவளுக்கு இந்தத் திட்டம் இல்லாத காலம், அவளுக்கு நர்சரிக்கு நான் கட்டியது என் சம்பளத்தில் பாதிக்கு மேல், போக்குவரத்துச் செலவையும் கழித்தால் எதற்கு வேலைக்குப் போகிறேன் என்று நானே கேட்டுக்கொண்ட மாதங்கள் உண்டு. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் அப்போதே விட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி திரும்பி வரவே இல்லை. நர்ஸ் பதிவை 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு இத்தனை மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்துவிட்டால் மறுபடி உள்ளே வருவது எவ்வளவு கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அரசாங்கம் கொடுக்கும் பணம் அந்த ஒரு வருடத்தைத் தாண்ட வைக்கிறது.

எனக்கு இந்தத் திட்டத்தில் உள்ள கோபம் வேறு. எல்லாம் காலை 8 முதல் மாலை 6 வரை வேலை பார்ப்பவர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது. என் ஷிஃப்ட் காலை ஏழரைக்குத் தொடங்கும், ஏழேகாலுக்கு வார்டில் இருக்க வேண்டும். எந்த நர்சரி திறந்திருக்கும்? அரசாங்க விதிப்படி காலை 6 முதல் இரவு 8 வரை இந்த மணியைப் பயன்படுத்தலாம், ஒரு நாளைக்கு 10 மணி நேரம் வரை. விதியில் இருக்கிறது, கதவுதான் திறப்பதில்லை. வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்ட் என்றால் இன்னும் மோசம், "திங்கள், செவ்வாய், புதன் என்று நிரந்தரமாகச் சொல்லுங்கள்" என்பார்கள்.

அதனால்தான் நிலா, நீங்கள் சைல்ட்மைண்டரையும் (தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்) விசாரித்துப் பாருங்கள். ஆஃப்ஸ்டெட்டில் (நர்சரி, பள்ளிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பு) பதிவுசெய்து, கவுன்சில் பட்டியலில் இருந்தால் அவர்களிடமும் இதே கோடு செல்லும். என் சின்னவன் போகும் வீட்டில் ஆறே முக்காலுக்கு அந்த அம்மா கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறார். பையில் நானே ரசம் சாதமும் நாப்கினும் வைத்துவிடுகிறேன், நுகர்பொருள் என்று அவர் ஒன்றும் கேட்பதில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் நமக்குத் திண்டாட்டம், அவர் விடுமுறை எடுக்கும்போது நாமும் எடுக்க வேண்டும், அது ஒன்றுதான். அந்த மணி நேரத்தை இரண்டு இடத்துக்குப் பிரித்தும் கொடுக்கலாம், இரண்டு நாள் நர்சரி, ஒரு நாள் சைல்ட்மைண்டர் என்று.

அம்மாவை ஊரில் இருந்து வரவழைக்கிறேன் என்று யாராவது அடுத்துச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: விசிட் விசாவில் 6 மாதம், அப்புறம்? குளிரில் மூட்டுவலியோடு அவர்களை வீட்டுக்குள் அடைத்து வைத்துப் பிள்ளை பார்க்கச் சொல்வதை நான் ஒரு முறை செய்து பார்த்துவிட்டேன், இனிமேல் கிடையாது.

---

கொடிமுல்லை எழுதியது:

இரவுப்பணி சொன்னதில் ஒரு சின்னச் சேர்ப்பு. சைல்ட்மைண்டர் உங்கள் உறவுக்காரராக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அரசாங்க மணி கிடையாது. "அத்தை பதிவுசெய்துகொண்டால் அத்தைக்கே அந்தக் காசு போகட்டும்" என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள், நடக்காது.

எதிர்வாதி தம்பிக்கு: நீங்கள் சொன்ன 99,000 கதையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஒருவர் மட்டும் 1,00,000த்தைத் தாண்டி 1,01,000 வாங்கி, மற்றவர் 20,000 வாங்கினால் அந்த வீட்டுக்கு வேலை பார்க்கும் பெற்றோர் மணி மொத்தமாகப் போய்விடும், டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரும் சேர்ந்து போகும். படிப்படியாகக் குறைவதெல்லாம் இல்லை, ஒரே வெட்டு. எங்கள் நர்சரியில் ஒரு தகப்பன் சம்பள உயர்வு வந்ததும் அதை அப்படியே ஓய்வூதியத்தில் போட்டுவிட்டார். அப்படிப் போட்டால் கணக்கில் வருமானம் குறையும், பிள்ளையின் மணியும் தப்பும். சட்டப்படியானதுதான். வசதியும் விவரமும் இருப்பவருக்குத் தப்பிக்கும் வழி, வேலை தேடும் தாய்க்குச் சுவர். அந்த இடத்தில் நான் உங்கள் கட்சி.

---

ஈரோட்டு எதிர்வாதி எழுதியது:

இரவுப்பணி, பதிவைப் புதுப்பிக்கும் விஷயம் எனக்குத் தெரியாது, அந்தக் கோணம் ஏற்றுக்கொள்கிறேன். பணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. 3 வயது 15 மணி நேரத்துக்கு எப்படி எந்தக் கேள்வியும் இல்லையோ, அதே மாதிரி கீழேயும் எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் வேலை பார்ப்பவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. கசப்புக் காபி மாதிரி ஆட்களுக்கும் அப்போது ஏதாவது கிடைக்கும்.

---

கசப்புக் காபி எழுதியது:

அதற்குள் என் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும் அண்ணா.

---

ரெடிங் நிலா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவே இருவரும் உட்கார்ந்து ஹெச்எம்ஆர்சி கணக்கைப் பார்த்தோம். சேது அண்ணா வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், என் பெயர் அதில் அப்பா பெயர் முன்னால் வந்து என் பெயர் பின்னால் கிடக்கிறது! சம்பளச் சீட்டில் வேறு மாதிரி. நாளைக்குத் தொலைபேசியில் பிடிக்கப் போகிறேன். ஹெச்ஆரிடம் மகப்பேறு விடுப்பை ஜனவரிக் கடைசியில் முடிப்பது பற்றி எழுதிவிட்டேன், எனக்கு ஆண்டு விடுப்பு நிறையவே சேர்ந்திருக்கிறது என்று அவர்களே பதில் போட்டார்கள்.

நர்சரிக்கும் மின்னஞ்சல் போனது. 18 மணி நேரத்துக்கு "கிறிஸ்துமஸ் வாரத்தில் சரிசெய்வோம்" என்று வழவழா பதில். 12 பவுண்டுக்கு, சாப்பாடு நாங்களே கொண்டுவரலாமா என்று கேட்டதற்கு, "எங்கள் நர்சரியில் ஒவ்வாமைக் கொள்கை இருப்பதால் வெளி உணவு அனுமதி இல்லை" என்று வந்திருக்கிறது. இதற்கு என்ன சொல்வது? கட்டாயம் இல்லை என்றும் சொல்லவில்லை, கட்டாயம் என்றும் எழுதவில்லை.

அந்த டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் என்பதையும் யாராவது ஒரு வரியில் சொல்லுங்கள், இந்த 30 மணி நேரத்தோடு சேர்த்து அதையும் வாங்கலாமா?

---

கொடிமுல்லை எழுதியது:

வாங்கலாம். ஒரே விண்ணப்பத்தில் இரண்டுக்கும் கேட்கலாம். நீங்கள் அந்தக் கணக்கில் 8 பவுண்டு போட்டால் அரசாங்கம் 2 பவுண்டு சேர்க்கும், 3 மாதத்துக்கு 500 பவுண்டு வரை. உங்கள் கூடுதல் 8 மணி நேரத்துக்கு மாதம் 272 பவுண்டு வருகிறது, அதில் 54 பவுண்டுக்கு மேல் அரசாங்கத்தின் தலையில் போகும். யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவர்கள் மட்டும் இதைத் தொடக் கூடாது, அவர்களுக்கு அதிலேயே பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும், இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

ஒவ்வாமை விஷயம்: நானும் வேர்க்கடலை விஷயத்தில் வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பவள்தான், அந்தப் பயம் உண்மையானது. ஆனால் "இன்ன இன்ன பொருள் கொண்டுவராதீர்கள்" என்று பட்டியல் கொடுப்பது வேறு, எதையுமே கொண்டுவராதே, 12 பவுண்டு கட்டு என்பது வேறு. இப்படி எழுதுங்கள்: "அரசு நிதியில் வரும் மணி நேரத்துக்கு இந்தக் கட்டணம் விருப்பத்துக்கு உட்பட்டதா? கட்ட விரும்பாத பெற்றோருக்கு நீங்கள் தரும் மாற்று என்ன?" இரண்டே கேள்வி, கோபம் வேண்டாம். நழுவினால் கவுன்சிலில் குடும்பத் தகவல் சேவை என்று ஒன்று இருக்கும், அந்த மின்னஞ்சலையும் கட்டணத் தாளையும் அப்படியே அனுப்புங்கள், எங்களுக்குக் காசு வருவது அவர்கள் கையால்தான் என்பதால் அவர்கள் கேட்டால் நர்சரி பதில் சொல்லும். கவுன்சிலும் கைவிட்டால் உள்ளாட்சி ஆம்பட்ஸ்மேன் (கவுன்சில் மீதான புகாரை விசாரிப்பவர்) வரைக்கும் போகலாம், இலவச மணிக்குக் கூடுதல் காசு வாங்கியது சம்பந்தமாக அவர்கள் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் உண்டு.

முன்பணம் 100 திரும்பி வருமா, எப்போது வரும் என்பதை மட்டும் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஜனவரிக் கடைசியில் இரண்டு மூன்று நாள் ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்று பிள்ளையைப் பழக்கக் கூப்பிடுவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.